மூன்று கட்டைக்குக் கீழே

மண்பானைக்குள் ஸ்பீக்கர் வைத்துப் பாட்டுக் கேட்ட தலைமுறை நாங்கள். பானையின் வாயில் ஆறு இஞ்ச் ஸ்பீக்கரைக் கவிழ்த்து, விளிம்பில் களிமண் பூசி, வயரை ஓரமாக வெளியே இழுத்து, உறியில் தொங்கவிடுவார்கள். டேப்ரெக்கார்டரின் சொந்த ஸ்பீக்கரில் வாய்ப்பேச்சாக இருந்த பாட்டுக்கு அப்போதுதான் நெஞ்சு முளைக்கும். இதை முதலில் செய்து பார்த்த மனிதர் எந்த ஊரோ, அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம். நான் பேஸ் கிட்டார் படித்தது அந்தப் பானையிடம்தான்.

பாளையங்கோட்டையில் நண்பர்கள் சேர்ந்து ஒரு மெல்லிசைக் குழு ஆரம்பித்திருந்தோம். லீட் கிட்டாருக்கு ஆள் இருந்தது, கீபோர்டுக்கு இருந்தது, பாடுவதற்குத் தேவைக்கு மேலேயே இருந்தது. தடித்த நாலு கம்பி என் கைக்கு வந்தது. நோட்ஸ் எதுவும் கிடையாது. இளையராஜா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனித்தனியே எழுதிக் கொடுப்பவர். அவர் எழுதியதைப் பார்த்து வாசிக்கும் பாக்கியம் அவரிடம் பேஸ் வாசித்த சசிதரனைப் போன்ற கலைஞர்களுக்கு வாய்த்தது. எங்களைப் போன்ற ஊர்க் குழுக்களுக்கு வாய்த்தது கேசட்டும் காதும்.

முதலில் எடுத்த பாட்டு ‘இளைய நிலா’. 1982-இல் வந்த ‘பயணங்கள் முடிவதில்லை’ படப் பாட்டு. அந்தக் கிட்டாரைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள், பேசவும் வேண்டும். ஆனால் அதன் அடியில் பேஸ் தன் பாட்டுக்கு வேறொரு மெட்டுப் போட்டுக்கொண்டு நடக்கிறது. பாடுகிறவர் நீட்டி நிற்கும் இடத்தில் அது நகரும், அவர் நகரும்போது அது காத்து நிற்கும். டேப்ரெக்கார்டரில் இதில் பாதிதான் பிடிபட்டது. பானையில் வைத்ததும் முழுவதும் வந்தது. வந்ததோடு சரியா என்றால், இல்லை. பானைக்கு என்று ஒரு சொந்தச் சுருதி உண்டு. அதற்குள் அடைபட்ட காற்று ஏதோ ஒரு ஸ்வரத்துக்கு மட்டும் பொங்கி எழும். இந்தக் கணக்கை ஜெர்மானிய விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்ணாடிக் குடுவைகளையும் பித்தளைக் குடுவைகளையும் காதில் வைத்துப் பார்த்து எழுதிவிட்டார். எங்களுக்கு அவரைத் தெரியாது. எங்கள் டிரம்மர் வேறொரு பானையைக் கொண்டுவந்தான், கொஞ்சம் சின்னது. ஒரு பானையில் மட்டும் பொங்கும் ஸ்வரம் பானையுடையது, இரண்டிலும் அதே அளவில் நிற்பது பாட்டுடையது. இப்படித்தான் ஒவ்வொரு ஸ்வரமாகப் பிரித்து எடுத்தோம். இத்தனை கவனமாக வேறு எதையும் நான் கேட்டதில்லை.

என்னை இன்றும் விடாமல் பிடித்திருக்கும் விஷயம் வேறு. எங்கள் பக்கத்துக் கோயில் கொடைகளில் தென்னை மரத்திலும் வேப்ப மரத்திலும் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். பேஸ் கிட்டாரின் அடிக் கம்பி விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. குழாய் ஸ்பீக்கரோ சில நூறு அதிர்வுக்குக் கீழே எதையும் தராது. அடிக் கம்பியின் அசல் ஒலி அதில் அறவே கிடையாது. அப்படியிருந்தும் இரண்டு வயல் தள்ளி நிற்கிறவர்கள் பேஸின் மெட்டைச் சரியாக முணுமுணுப்பார்கள். கம்பி 41-இல் அதிரும்போது கூடவே 82, 123, 164 என்று மடங்குகளாகவும் அதிர்கிறது. மேலே உள்ள மடங்குகள் மட்டும் காதுக்கு வந்தாலும் போதும், இதெல்லாம் எதன் மடங்கு என்று மூளை கணக்குப் போட்டு, வராத 41-ஐ வந்ததாகவே கேட்டுவிடுகிறது. தேவாலயத்துப் பைப் ஆர்கன் செய்கிறவர்களுக்கு இது பழைய வித்தை. முப்பத்திரண்டு அடிக் குழாய் நிறுத்த இடமோ காசோ இல்லாவிட்டால், பதினாறு அடிக் குழாயையும் அதன் பஞ்சமத்தையும் சேர்த்து ஊதவிடுவார்கள். இல்லாத குழாயின் ஒலியைச் சபை கேட்கும்.

பேஸ் வாசிக்கிறவன் பாதிதான் வாசிக்கிறான், மீதியைக் கேட்கிறவர்கள் முடித்துக்கொள்கிறார்கள் என்று எனக்குத் தோன்றுவது இதனால்தான். அமெரிக்காவில் மோட்டவுன் கம்பெனிக்கு ஜேம்ஸ் ஜேமர்சன் வலது கையின் ஒற்றை விரலால் வாசித்ததெல்லாம் காரிலும் அடுக்களையிலும் இருந்த சின்ன ரேடியோக்களில்தான் உலகத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மோட்டவுன் ரெக்கார்டு அட்டையில் அவர் பெயர் அச்சானது 1971-இல், மார்வின் கேயின் ‘வாட்ஸ் கோயிங் ஆன்’ வந்தபோது. அதுவரை பெயரும் தெரியாது, அடி ஒலியும் முழுதாக வராது. ஆனாலும் ஊரே அவர் வாசிப்புக்கு ஆடியது.

மேடைக்குத் தயாராகும்போது இந்த நம்பிக்கை ரொம்பவும் வேண்டியிருக்கிறது. ரிகர்சல் அறையின் மூலையில் ஆம்பை வைத்தால் சுவர்கள் சேர்ந்து முழங்கும், ஆள் பெரிய வித்வான் போல இருக்கும். திறந்த வெளியில் சுவர் ஏது? மேடையிலோ இன்னொரு சங்கடம். முன்னால் வைத்த பெட்டிகளிலிருந்து கிளம்பும் கீழ் ஒலி ஒரே திசையில் போகாமல் வளைந்து பின்னாலும் வரும். வாசிக்கிறவனுக்குக் கேட்பது தன் விரல் அடிபட்ட சத்தம் அல்ல, சற்றுத் தாமதித்து வரும் ஒரு கலங்கல். அந்த நேரத்தில் காதை நம்புவதைவிட டிரம்மரின் வலது காலை நம்புவது நல்லது. எங்கள் டிரம்மரின் முழங்கால் தெரிகிற மாதிரிதான் நான் எப்போதும் நிற்பேன்.

ஒரு கொடையில் எங்களுக்குச் சவுண்ட் சர்வீஸ் போட வந்த அண்ணாச்சியை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் என்னை மட்டும் வாசிக்கச் சொல்லிவிட்டு மைதானத்தின் கடைசிக்குப் போனார். அங்கே ஒரு பஜ்ஜிக் கடை, அதன் முன்னால் ஒரு மரப் பெஞ்சு. அதில் உள்ளங்கையை ஊன்றியபடி நின்றார். திரும்பி வந்து, “தம்பி, ஒங்களுக்கு இங்க கேக்காது, அதுக்காகக் கூட்டி வைக்காதீய. பெஞ்சுல நல்லா விழுது” என்றார். பிறகு இன்னொன்றும் சொன்னார்: “நடுவுல இருக்கவனுக்கு வண்டி வண்டியாக் கேக்கும், ஓரத்துல இருக்கவனுக்குத் தேய்ஞ்சு போகும். ரெண்டு பொட்டியையும் ஒட்டி வச்சிருதேன்.” இரண்டு பக்கமும் பிரித்து வைத்த பெட்டிகளின் கீழ் ஒலி சில இடங்களில் கூடியும் சில இடங்களில் ஒன்றையொன்று அழித்தும் விடும். நான் அதைப் புத்தகத்தில் படித்தது வெகு காலம் கழித்து. அவருக்குப் பெஞ்சு சொல்லிக் கொடுத்திருந்தது.

இப்போது என் அக்கா மகள் திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். அவளுடைய முதல் பேண்டில் அவள்தான் பேஸ். முதல் நிகழ்ச்சிக்கு நாள் குறித்தாயிற்று. போன் செய்தாள். “மாமா, பாடுற பொண்ணுக்குத் தொண்டை கட்டியிருக்கு, ஒரு பாட்டோட சுருதிய அரைக் கட்டை குறைச்சுத் தரச் சொல்றா.”

கீபோர்டுக்கு இது ஒரு பொத்தான் வேலை. பேஸுக்கும் சாதாரணமாகக் கை வைக்கும் இடத்தை ஒரு ஃப்ரெட் தள்ளினால் முடிந்தது. இந்தப் பாட்டு மூன்று கட்டையில் இருப்பதுதான் சிக்கல். பேஸின் அடிக் கம்பியைத் திறந்து மீட்டினால் வருவது சரியாக அந்த மூன்று கட்டை, அதற்குக் கீழே கம்பியே இல்லை. இரண்டரைக்கு இறக்கினால், பாட்டு வந்து உட்காரும் கடைசி ஸ்வரத்துக்கு இடம் கிடையாது. கம்பியைத் தளர்த்தலாம். ஆனால் அடுத்த பாட்டு இடைவெளி விடாமல் தொடங்குகிறது, திரும்ப ஏற்றிச் சுருதி பார்க்க நேரமில்லை.

எனக்கு ஆர்கன் ஞாபகம் வந்தது. மூன்றாவது கம்பியில் ஆறாவது ஃப்ரெட்டையும் இரண்டாவது கம்பியில் எட்டாவது ஃப்ரெட்டையும் சேர்த்துப் பிடிக்கச் சொன்னேன். மேல் ஸ்தாயி ஷட்ஜமும் அதன் பஞ்சமமும், ஒரே நேரத்தில், மெதுவாக. போனை வைக்காமலே ஆம்பைப் போட்டாள். முதல் தடவை இரண்டும் தனித்தனியாகக் கேட்டன. விரலைச் சமமாகப் போடு, டோனைக் குறை என்றேன். மூன்றாம் முறையில் அவளே சத்தம் போட்டாள்: “மாமா, அடியில ஒண்ணு ஓடுது!”

அந்தச் சின்னப் போன் ஸ்பீக்கரில் எனக்கும் கேட்டது. ஐந்து கம்பி பேஸ் இரவல் வாங்கித் தரட்டுமா என்று கேட்டுப் பார்த்தேன், வேண்டாமாம். பல்லவி முடிகிற இடங்களில் மட்டும் இதை வாசிக்கப் போகிறாள். நாளைய ரிகர்சலில் டிரம்மர் பையனை ஹாலின் கடைசி வரிசைக்கு அனுப்பி, நாற்காலி முதுகில் கை வைத்துப் பார்த்துச் சொல்லச் சொல்லியிருக்கிறாளாம்.