ஆளுக்கொரு கயிறு

டிசம்பர் 22, ஸ்காபரோ

காலையில் கூரைக்கு ஏறியபோது பாரக்கட்டைகளின் மேல் பனி ஒரு விரல் கனத்துக்குக் கிடந்தது. துடைத்துவிட்டு எண்ணினேன். நேற்றும் எண்ணியவைதான். ஸ்விங் ஸ்டேஜ் என்ற தொங்குமேடையைத் தூக்கி நிற்கும் உத்திரங்கள் கவிழாமல் இருப்பது இந்தக் கட்டைகளால்தான். இரவில் யாராவது இரண்டை வேறு தேவைக்கு எடுத்துப் போனால், கீழே மேடையில் நிற்பவனுக்குத் தெரியவராது. நாங்கள் கொளுவும் லைஃப்லைன் கயிறுகளைத் தனித்தனி நங்கூரத்தில் கட்டியிருக்கிறோம். உத்திரத்தில் கட்டினால் அது விழும்போது கயிறும் கூடவே போய்விடும். சுவர் விளிம்பில் கயிறு உரசாமல் வைத்த ரப்பர் நழுவியிருந்தது, திரும்பவும் வைத்தேன்.

டிசம்பர் 23

பன்னிரண்டாம் மாடிப் பால்கனியில் வேலை முடிய நாலரை மணி. மேடையில் நானும் கூட்டாளி ஒருவரும். புதிதாகச் சேர்ந்த பொடியன் பால்கனிக்குள் நின்று சாந்து கலந்து தந்தவன். வாளியோடு மேடைக்குள் காலை வைக்கப் பார்த்தான்.

“அண்ணை, நானும் இதிலயே இறங்கிறன். லிஃப்ட் வர நேரமாகும்.”

“கயிறு எத்தினை தொங்குது, பார்.”

“ரெண்டு.”

“அப்ப மூண்டாம் ஆள் எதில கொளுவிறது?”

முகம் சுருங்கிவிட்டது. ஒரு செங்குத்துக் கயிற்றில் ஒரே நேரத்தில் ஒருவர்தான். ஒன்ராறியோவின் சட்டமே அப்படி. நாங்கள் இறங்கிச் சேரமுன் அவன் லிஃப்டில் வந்து கீழே நின்றான்.

தேநீர் வாங்கிக் கொடுத்து 2009ஐச் சொன்னேன். இதே ரொறன்ரோவில், கிப்ளிங் அவெனியூவில், டிசம்பர் 24, இதே மாலைநேரம். பதின்மூன்றாம் மாடியில் பால்கனி திருத்திய ஆறு தொழிலாளர் வீட்டுக்குப் போக ஒரே மேடையில் ஏறினார்கள். லைஃப்லைன் இரண்டே இரண்டு. மேடை நடுவில் பிளந்தது. நாலு பேர் இறந்தார்கள், ஒருவர் படுகாயத்தோடு பிழைத்தார். ஒழுங்காகக் கொளுவியிருந்த ஒருவர் மட்டும் விழவில்லை. எவ்வளவு பாரம் தாங்கும் என்ற ஒட்டுச்சீட்டுக்கூட அந்த மேடையில் இல்லை. வருட முடிவுக்குள் முடித்தால் 50,000 டொலர் ஊக்கத்தொகை என்று ஒப்பந்தம் இருந்தது. கம்பனிக்கு 200,000 டொலர் அபராதம், 2013இல் மேன்முறையீட்டில் 750,000 ஆனது. திட்ட முகாமையாளருக்கு 2016இல் மூன்றரை வருடச் சிறை. கயிறு காணாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

2015 ஏப்ரலிலிருந்து உயரத்தில் வேலை செய்வோருக்கென்று புதிய கட்டாயப் பயிற்சி வந்தது. பொடியனிடமும் அந்தப் பயிற்சி முடித்த அட்டை இருக்கிறது. ஆனாலும் நாலரை மணிக் களைப்பு அட்டையை மறக்கச் செய்யும். வேலைக்கு வந்த புதிதில் நானும் கொளுவாமல் இறங்கியிருக்கிறேன். தடுக்க ஒருவரும் இருக்கவில்லை. அதை அவனுக்குச் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும்.

டிசம்பர் 24

அரைநாள் வேலை. இன்றைக்கு என்னோடு மேடையில் பொடியன். தரையிலிருந்து ஓரடி தூக்கி பிரேக்கைச் சோதித்தோம். கயிற்றில் படிந்திருந்த பனிக்கட்டியை அவனே உரித்தான். பனி இருந்தால் பிடி வழுக்கலாம். தன் கொளுக்கியை இழுத்துப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

“அண்ணை, உங்கடதையும் காட்டுங்கோ.”

காட்டினேன்.