ஆயிரம் பேர் வாசித்தார்களா?

நம்மட ஊர்ப் பிள்ளைகள் ஆய்வுக் கட்டுரை எழுதி ரிசர்ச்கேட்டில் ஏற்றுகிறார்கள். மாஷா அல்லாஹ், சந்தோஷம். ஆனால் "ஆயிரம் பேர் வாசித்துவிட்டார்கள்" என்று இங்கே வாழ்த்துப் போடும் முன் அந்த எண் என்னவென்று பார்க்க வேண்டும்.

அங்கே ஒருவர் கட்டுரையின் சுருக்கத்தைத் திறந்தாலே ஒரு 'வாசிப்பு'. மேற்கோள் அப்படியல்ல. இன்னொரு ஆய்வாளர் தன் கட்டுரையில் நம்மட பிள்ளையின் வேலையை எடுத்துச் சொல்ல வேண்டும். அதற்கு வருடக் கணக்காகும். முன்பு பலர் பெருமையாகக் காட்டிய 'ஆர்ஜி ஸ்கோரை' 2022இல் அந்தத் தளமே நீக்கிவிட்டது.

அகடமியா.எடு என்பதைச் சிலர் பல்கலைக்கழகம் என்று நினைக்கிறார்கள். அது தனியார் கம்பனி. அங்கே ஏற்றிய கட்டுரைகளுக்கு ஐந்து வருடத்தில் 69 வீதம் கூடுதல் மேற்கோள் கிடைத்ததாக 2016இல் பிளாஸ் வன் இதழில் ஓர் ஆய்வு வந்தது. எழுதியவர்களில் பலர் அதே கம்பனியின் ஆட்கள். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் தன் சிறந்த கட்டுரையைத்தானே யாரும் முதலில் ஏற்றுவார்கள்? அது ஏற்றாமலே மேற்கோள் வாங்கியிருக்காதா?

ஏற்றுவது நல்லதுதான். காசு கட்டி இதழ் வாங்க முடியாத ஒலுவில் மாணவரும் வாசிப்பார். இதழின் அனுமதியை மட்டும் முதலில் பாருங்கள். "காசு அனுப்பினால் மேற்கோளைக் கூட்டித் தருகிறோம்" என்று ஈமெயில் வந்தால் பதில் போடாதீர்கள், பிள்ளைகளே. விரிவுரையாளரிடம் காட்டுங்கள்.