முப்பத்தொன்பது சீட்டுகள்

சீட்டாட்டம் என்றாலே முகஞ்சுளிக்கும் குடும்பம் எங்களுடையது. காரணம் என் பாட்டனார். அக்கரப்பத்தனையில் லயத்து வாசலில் அமர்ந்து 'முந்நூற்று நான்கு' ஆடுவதிலேயே பொழுதைக் கழித்தவர். ராஜாவைவிட ஜாக்கிக்கு மதிப்பு மிகுந்த அந்த ஆட்டத்தில் அவருக்குத் தனி மகிழ்ச்சி!

அவருடைய பேரன் நான், சென்ற மாதம் வகுப்பறைக்குள்ளேயே சீட்டைக் கொண்டுசென்றேன். 1964ஆம் ஆண்டுச் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பாடம். 975,000 பேர் என்று கரும்பலகையில் எழுதினால் பிள்ளைகள் கொட்டாவி விடுகின்றனர். ஆகவே அட்டையை வெட்டி 39 சீட்டுகள் செய்தேன். ஒன்றுக்கு 25,000 பேர். 21இல் 'இந்தியா', 12இல் 'இலங்கை', 6இல் 'பின்னர்'. நல்லவேளை, வகுப்பிலும் 39 பேர்.

சிரித்துக்கொண்டே வாங்கினர். 'இந்தியா' பெற்றவர்கள் கதவோரம் நிற்க வேண்டும் என்றதும் சிரிப்பு அடங்கிற்று. ஒரே வாங்கில் இருந்த இரட்டையர் பிரிந்தனர்.

"சீட்டை மாத்திக்கலாமா, சேர்?" என்று வினவினாள் தங்கை. விடை சொல்ல இயலவில்லை.

'பின்னர்' அறுவரையும் பத்து நிமிடம் காக்கவைத்து, 1974ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி மூவர் மூவராகப் பிரித்தேன். உண்மையில் குலுக்கிப் பிரிக்கவில்லை, மக்கள் மனுக் கொடுத்தனர், கணக்கு ஒப்பந்தப்படி முடியாமல் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை இழுபட்டது என்பதையும் சொன்னேன்.

மறுநாள் ஒரு மாணவன் தயங்கி வந்தான். அவன் அப்பாயியின் அண்ணன், தலைமன்னாருக்குச் சென்ற 'ஒப்பாரிக் கோச்சி'யில் ஏறிப் போனவராம்.

"அந்த இந்தியாச் சீட்டை அப்பாயி பார்க்கணுமாம், சேர்."

எடுத்துக் கொடுத்தேன். இன்னும் திரும்பி வரவில்லை, நானும் கேட்கவில்லை.