பழைய புல்டோசரும் எண்ணெய்க் கசிவும்

தோட்டத்துக் கூட்டாளிகள் சிறுகச் சேர்த்த பணத்தைத் திரட்டிப் பழைய புல்டோசர் வாங்கப் புறப்படுகையில், கணக்கெழுதும் நம்மையும் உடனழைப்பதுண்டு. கழுவித் துடைத்த இயந்திரத்தைக் கண்டு நாம் மயங்குவதில்லை. கசிவின் தடம் கழுவுநீரோடு போயிருக்கும். புழுதி படிந்ததே உண்மை பேசும். முன்தகட்டைத் தூக்கும் ஹைட்ராலிக் குழாய் ஒழுகினால் கவலை சிறிது, குழாயை மாற்றிவிடலாம். சங்கிலியைச் சுழற்றும் பல்சக்கரத்தின் பின்னே ஈரங்கண்டாலோ, பணப்பையை மூடிக்கொள்ளல் நன்று. அங்குள்ள பைனல் டிரைவின் சீல் பழுதாயின் எண்ணெய் வெளியேறும், சேறு உட்புகும், கியர்கள் தேயும். சங்கிலியைக் கழற்றாமல் அதனைச் சீர்செய்தல் அரிது, கூலியோ பெரிது. ஒரு சொட்டும் கசியாத கிழட்டு இயந்திரமெனில், உள்ளே எண்ணெய் உளதாவென்று அளவுக் கம்பியை உருவிப் பார்க்க வேண்டும். விற்பவர் முகஞ்சுளித்தாற் சுளிக்கட்டும்! பின்னர் அரைமணி நேரம் மண் தள்ளச் செய்து, மீண்டும் அடியிற் குனிந்து நோக்குவோம். சூடேறிய எண்ணெய் இளகும். ஆறியிருக்கையில் அடங்கிக் கிடந்த கசிவு அப்போதுதான் தலைகாட்டும்.