நிபோங் திபாலில் நிற்பவர்கள்

ஐரோப்பா போய்விட்டுப் பினாங்கில் வந்திறங்கியபோது என் கைப்பேசி முழுக்கச் சிலைகள். லண்டனில் உயரத் தூண்மேல் நிற்கும் நெல்சனைக் கழுத்து வலிக்க அண்ணாந்து படமெடுத்திருந்தேன். ஒரு படத்திலும் முகம் தெரியவில்லை. மனத்தில் தங்கியது சிற்பி ரோடான் வடித்த கலே நகரத்தார் அறுவர்தாம். கழுத்தில் கயிற்றோடு சாகப் புறப்பட்டவர்கள். தெருவில் போகிறவர் தோளில் உரசும்படி அவர்கள் தரையிலேயே நிற்க வேண்டும் என்பது ரோடானின் ஆசை.

அந்தக் கண்ணோடு நிபோங் திபாலில் ரயிலைவிட்டு இறங்கினால் ஏமாற்றம்தான். பினாங்கு மாநிலத்தின் தென்கோடி இது. கிரியான் ஆற்றைத் தாண்டிக் கொஞ்சம் தெற்கே போனால் பேராக். நிபோங் என்பது முள் மண்டிய ஒரு பனைவகை. திபால் என்றால் தடிமன். கடைவீதி, மீன் சாப்பாட்டுக் கடைகள், இரவானால் ஆற்றோரம் மின்மினிகள். வெண்கல மனிதர் ஒருவரும் என் கண்ணில் படவில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த வட்டாரம் கரும்புக்காடு. அதை வெட்ட ஒப்பந்தக் கூலிகளாக நம்மவர்கள் கப்பலேறி வந்தார்கள். கரும்பு போய் ரப்பர் வந்தது, ரப்பர் போய்ச் செம்பனை. கலிடோனியா தோட்டத்தில் ராம்ஸ்டன் குடும்பத்தின் தொண்ணூற்றொன்பது கதவு மாளிகை பாழடைந்து கிடக்கிறது; அதன் துரை 1948இல் அங்கேயே சுடப்பட்டு இறந்தார். துரைக்கும் சிலை இல்லை, கரும்பு வெட்டியவர்களுக்கும் இல்லை.

சிலை பார்க்கத் தோட்டத்து எல்லைக்குத்தான் போக வேண்டும். லயங்கள் இடிந்து, குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குக் குடிபோன பிறகும் செம்பனை நிழலில் முனியாண்டி உட்கார்ந்திருக்கிறார். செங்கல்லும் கம்பியும் சிமெண்டும் சேர்ந்த உடம்பு, முறுக்கிய மீசை, உருட்டு விழி. காலடியில் பாதி எரிந்த சுருட்டு, சூலத்தில் குத்திய எலுமிச்சம்பழம் காய்ந்து கறுத்திருந்தது. திருவிழாவுக்குத் திருவிழா வர்ணம் பூசிப் பூசி மூக்கு மழுங்கிவிட்டது. உதிர்ந்த விரல் நுனியில் ஐந்து நிறம் அடுக்கடுக்காகத் தெரிந்தது. கலைக்கூடத்துக்காரர் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வார். எனக்கென்னவோ, நெல்சனைவிட இவரிடம்தான் பேச முடியும் போலிருந்தது. முகத்துக்கு நேரே முகம்.

வெண்கல மனிதரைப் பார்க்க மாநிலத் தலைநகர் ஜார்ஜ் டவுனுக்குப் போக வேண்டும். அங்கே கார்ன்வாலிஸ் கோட்டையில், பினாங்கில் ஆங்கிலேயர் குடியேற்றத்தை நிறுவிய பிரான்சிஸ் லைட் நிற்கிறார். அவர் வந்திறங்கிய 150ஆம் ஆண்டை ஒட்டி 1936இல் வைத்தது. அவரைப் பார்த்து வரைந்த படம் எதுவும் கிடைக்காததால், அடிலெய்டு நகரை அமைத்த மகன் வில்லியமின் முகச்சாயலையே அப்பாவுக்குக் கொடுத்தார்களாம். இடுப்பு வாள் ஜப்பான்காரன் காலத்தில் போனது என்கிறார்கள், திரும்பவில்லை.

முனியாண்டியின் அரிவாள் தகரம்தான். துருவேறினால், அடுத்த திருவிழாவுக்குள் யாராவது புதிதாக ஒன்று வெட்டி வந்து கையில் செருகிவிடுகிறார்கள்.