எரிபொருள் என்னும் நான்காவது சொல்

வானிலைக் கோளாறால் தரையிறங்க இயலாமல் வானில் காத்திருக்கும் பயணிகள் விமானத்தின் எரிபொருள் குறிப்பிட்ட ஓர் எல்லைக்குக் கீழே போய்விடும் என்று கணக்கிட்ட உடனே, அதன் தலைமை விமானி 'மேடே, மேடே, மேடே, ஃப்யூயல்' என்று வானொலியில் அறிவிக்க வேண்டும் என்பது இன்றைய பன்னாட்டு விதி. ஐகாவோ எனப்படும் பன்னாட்டு சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2012 நவம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்த இவ்விதி, எல்லையையும் ஐயத்துக்கு இடமின்றி வரையறுக்கிறது. ஜெட் விமானம் ஒன்று நிலையத்துக்கு மேலே 1,500 அடி உயரத்தில் 30 நிமிடங்கள் சுற்றிவரத் தேவையான அளவுக்கு 'இறுதிக் காப்பு எரிபொருள்' என்று பெயர். பாதுகாப்பாக இறங்கக்கூடிய மிக அருகிலுள்ள நிலையத்தை அடையும்போது அதைவிடக் குறைவாகவே தொட்டியில் எஞ்சும் என்று தெரிந்தால் அறிவிப்பு கட்டாயமாகிறது. இதற்கு முந்தைய படியான 'மினிமம் ஃப்யூயல்' என்பதோ, இனி ஏதேனும் தாமதம் நேர்ந்தால் அந்தக் காப்பில் கைவைக்க வேண்டியிருக்கும் என்னும் எச்சரிக்கை மட்டுமே. நெருக்கடி அறிவிப்பு ஆகாது.

இந்த நான்கு சொற்களின் மூலத்தைத் தேடுவோருக்கு முதல் மூன்றும் விரைவில் அகப்பட்டுவிடுகின்றன. லண்டனை அடுத்த குராய்டன் விமான நிலையத்தில் வானொலி அலுவலராக இருந்த ஃபிரெடெரிக் மாக்ஃபோர்டு, பாரிஸ் நகரின் லெ பூர்ஜே நிலையத்தோடு போக்குவரத்து மிகுந்திருந்த 1920-களின் தொடக்கத்தில், 'எனக்கு உதவுங்கள்' என்று பொருள்படும் பிரெஞ்சுச் சொல்லின் ஒலியையொட்டி 'மேடே' என்பதை உருவாக்கினார். 1927-இல் வாஷிங்டனில் கூடிய வானொலி மாநாடு அதற்குப் பன்னாட்டு ஏற்பு அளித்தது. நான்காவது சொல்லின் தடமோ நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், கோவ் நெக் என்னும் ஊரின் மேட்டு நிலத்துக்கு இட்டுச் செல்கிறது.

1990 ஜனவரி 25 அன்று, 158 பேருடன் கொலம்பியாவின் மெடலின் நகரிலிருந்து நியூயார்க்கின் கென்னடி நிலையத்துக்குப் புறப்பட்ட ஏவியாங்கா 52, நான்கு இயந்திரங்கள் கொண்ட போயிங் 707 வகை விமானமாகும். எந்த விமானமும் புறப்படும்போது பயணத்துக்கு வேண்டிய எரிபொருளோடு, எதிர்பாராத செலவுக்கும் மாற்று நிலையம் ஒன்றுக்குத் திரும்பிச் செல்லவும் காத்திருக்கவும் தேவையானதையும் நிரப்பிக்கொண்டே கிளம்புகிறது. ஆனால் அதிகமாக ஏற்றிய எரிபொருளின் எடையைச் சுமக்கவே ஒரு பகுதி எரிந்துபோவதால், எவ்வளவு வேண்டுமானாலும் நிரப்பிக்கொள்வது என்பது நடவாத காரியம். மூடுபனியும் கடுங்காற்றும் கென்னடி நிலையத்தை முடக்கியிருந்த அன்று, இவ்விமானம் நார்ஃபோக் அருகே 19 நிமிடங்களும், அட்லாண்டிக் சிட்டி அருகே 29 நிமிடங்களும், நியூயார்க்கை நெருங்கிய பின்னர் மேலும் 29 நிமிடங்களும் வட்டமிட நேர்ந்ததால், மாற்று நிலையத்துக்கென்று வைத்திருந்த எரிபொருள் வானிலேயே கரைந்துபோயிற்று.

மூன்றாம் காத்திருப்பின்போது, இரவு 8.44 மணியளவில், தங்களுக்கு 'பிரையாரிட்டி', அதாவது முன்னுரிமை, தேவைப்படுவதாகத் துணை விமானி கட்டுப்பாட்டு மையத்துக்குத் தெரிவித்தார். இன்னும் ஐந்து நிமிடங்கள்தான் காத்திருக்க முடியும் என்றும், மாற்று நிலையமான பாஸ்டனை இனி எட்ட முடியாது என்றும் அவர் கூறியவற்றுள், அடுத்த மையத்துக்குக் கைமாறியது ஐந்து நிமிடச் செய்தி மட்டுமே. உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் திடீரென மாறும் நிலையில் முதல் இறங்கு முயற்சி தோற்று, 9.23 மணியளவில் விமானம் மீண்டும் மேலெழுந்தபோது, நெருக்கடி நிலையை அறிவிக்குமாறு தலைமை விமானி பணித்தார். துணை விமானியோ, கட்டுப்பாட்டாளர் தந்த திசை எண்ணை வழக்கம்போல் திருப்பிச் சொல்லிவிட்டு, மீண்டும் முயல்வதாகவும் எரிபொருள் தீர்ந்துவருவதாகவும் அதே மூச்சில் சேர்த்துச் சொன்னார். பின்பு தலைமை விமானி கேட்டபோது, தெரிவித்துவிட்டதாகவே பதிலளித்தார். சற்று நேரத்தில் இயந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தன. 9.34 மணியளவில் கோவ் நெக்கில் விமானம் விழுந்து 73 பேர் மாண்டனர். எரிவதற்கு எரிபொருள் இல்லாததால் அங்கே தீப்பிடிக்கவில்லை என்பதே அந்த இரவின் மிகக் கொடிய சான்று.

அயல்மொழி பேசிய விமானியின் ஆங்கிலக் குறைபாடே இத்தனைக்கும் காரணம் என்று பொதுவாகச் சொல்லப்படுவதை, தேடலின் அடுத்த கட்டம் ஏற்கவிடுவதில்லை. எரிபொருள் மிகவும் குறைந்துள்ள வேளையில் கட்டுப்பாட்டு மையத்திடம் முன்னுரிமை கோர வேண்டும் என்று போயிங் நிறுவனமே விமானிகளுக்கான குறிப்பு ஒன்றில் எழுதியிருந்தது. ஆக, எழுதும் மேசையில் நெருக்கடியைக் குறித்த சொல்லே கட்டுப்பாட்டாளரின் செவியில் வெறும் வேண்டுகோளாக ஒலித்திருக்கிறது. எரிபொருளை உரியவாறு நிர்வகிக்கத் தவறியதையும், அது தீருமுன் நெருக்கடியை அறிவிக்கத் தவறியதையும் முதன்மைக் காரணங்களாக வைத்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், எரிபொருள் நிலையைக் குறிக்க அனைவருக்கும் பொதுவான, தெளிவான கலைச்சொற்கள் இல்லாததையும் துணைக் காரணமாகத் தன் அறிக்கையில் பதிவுசெய்தது. இந்தத் துணைக் காரணத்துக்கே கூடுதல் கனம் தர வேண்டும். ஏனெனில், விமானி அறையில் இருந்தோர் பேசாமல் இருந்துவிடவில்லை, பேசியதற்கு இருபுறமும் ஒரே பொருள் இருக்கவில்லை.

'முன்னுரிமை' என்னும் அந்தச் சொல்லுக்கு 2012 விதியின் அறிவிப்பில் இடமில்லை. 2025 ஜூனில் குவாஹாட்டியிலிருந்து வந்த பயணிகள் விமானம் ஒன்று சென்னையில் இறங்க முடியாமல் பெங்களூருவுக்குத் திரும்பியபோது, அதன் விமானி எரிபொருளுக்காக மேடே அழைப்பை விடுத்தார். விமானம் பத்திரமாகத் தரையிறங்கியது.