குழாயடியும் ஒரு சட்டப்பிரிவும்

டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்த காலத்தில் லாக், மாண்டெஸ்கியூ, ரூசோ மூவரும் எனக்கு ஆளுக்கு ஒரு மார்க். இயற்கை உரிமை என்றால் லாக். அதிகாரப் பிரிவினை, 1748 என்றால் மாண்டெஸ்கியூ. சமூக ஒப்பந்தம், 1762 என்றால் ரூசோ. தேர்வு கைகொடுக்கவில்லை, டிப்ளமோதான் சோறு போட்டது. புனேயிலிருந்து அகமதுநகர் போகும் சாலையில், ரஞ்சன்காவ் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது. அஷ்டவிநாயகர்களில் ஒருவரான மகாகணபதி குடியிருக்கும் ஊர் அது.

பக்கத்துக் கிராமம் ஒன்றில் லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தேன். பீகார், ஒடிசா, மராத்வாடா என்று வாசலுக்கு ஓர் ஊர். கோடையில் பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் நூலாக இறங்கும். உள்ளூர்க்காரர்கள் பிடித்து முடித்த பிறகுதான் எங்கள் குடங்கள் நகரும். நைட் ஷிஃப்ட் முடித்து வந்து நிற்கும்போது பல நாள் காற்றுதான் வரும். போன இடத்தில் வாயைத் திறக்காதே என்று வீட்டில் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைப் பணிவு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் அது பயம்.

ஒரு விடுமுறை நாளில் புனே கஞ்ச் பேட்டையில் ஜோதிராவ் புலே வாழ்ந்த வீட்டைப் பார்க்கப் போனேன். வளாகத்தில் கிணறு இருக்கிறது. தீண்டத்தகாதவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்காக 1868இல் தம் வீட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டவர் புலே. பிரெஞ்சுப் புரட்சிக்கு ஆதரவாகத் தாமஸ் பெயின் 1791இல் வெளியிட்ட 'மனித உரிமைகள்' நூலை, இருபது வயதில் படித்து மனம் மாறியவர். 1848இல் பெண்களுக்குப் பள்ளி, 1873இல் சத்யசோதக் சமாஜ் என்று அந்தப் படிப்பைத் தெருவுக்குக் கொண்டுவந்தார். அதே தண்ணீர் உரிமைக்காக 1927இல் அம்பேத்கர் மகாடில் சவதார் குளத்து நீரை அள்ளிக் குடித்தார். அவர் தலைமையில் வரைவான அரசியலமைப்பின் 15(2)ஆம் பிரிவில் கிணறு, குளம், படித்துறை, சாலை எல்லாம் பெயர் சொல்லியே இருக்கின்றன. சமயம், இனம், சாதி, பால், பிறப்பிடம் இவற்றைக் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது. மனப்பாடம் செய்த வரிதான். 'பிறப்பிடம்' என்ற சொல் அன்றைக்குத்தான் உறைத்தது.

இதையெல்லாம் ஐரோப்பிய இறக்குமதி என்று தள்ளிவிடவும் முடியாது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் மூன்றையும் பிரெஞ்சுப் புரட்சியிலிருந்து அல்ல, புத்தரிடமிருந்தே எடுத்துக்கொண்டதாக அம்பேத்கர் 1954இல் வானொலியில் சொன்னார்.

மக்கள் தாங்களே கூடி முடிவெடுக்க வேண்டும், பிரதிநிதிகள் போதாது என்றவர் ரூசோ. நம்மிடம் அதற்குக் கிட்டத்தில் இருப்பது கிராம சபை. 1993இல் 73ஆவது திருத்தத்தால் அரசியலமைப்பில் ஏறியது. ஆனால் அந்த ஊர் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால்தான் அதில் உறுப்பினர். படிவம் 8 கொடுத்து, என் பெயரைத் தமிழ்நாட்டிலிருந்து மாற்றிக்கொண்டேன். ஆகஸ்ட் 15 கிராம சபையில் பாதி இந்தி, பாதி மராத்தியில் எழுந்து நின்றேன். நாக்கு புரளவில்லை. எதிர்வீட்டு மாவ்ஷி (சித்தி), "போலா அண்ணா, போலா" (பேசுங்கள் அண்ணா) என்று பின்னாலிருந்து தூண்டினார். "பஞ்சாயத்துப் பணத்தில் ஓடும் குழாயில் ஊர் பார்த்து வரிசை வைக்கலாமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். பஞ்சாயத்துச் செயலரான கிராமசேவக் அதைப் பதிவேட்டில் எழுதினார். கேட்டது முழுதாகக் கிடைக்கவில்லை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் எங்களுக்கு முதல் வரிசை என்றானது.

தத்துவவாதிகள் எழுதியதும் அரசியலமைப்பு ஏற்றதும் நம் பெயர் பட்டியலில் ஏறி, வாய் திறந்தால்தான் குழாயடி வரை வந்து சேரும். வெளிமாநிலத்தில் பிழைக்கும் தமிழர்களே, இருக்கும் ஊரில் பெயரைச் சேருங்கள், சபைக்குப் போங்கள். திருப்பூரிலும் ஒரகடத்திலும் வடக்கத்தி ஆட்கள் குடத்தோடு நிற்கும்போது ஒதுங்கி வழிவிடுங்கள். 15(2) அவர்களுக்கும்தான்.